எதிர்ப்பொருளின் வெட்டுமுகம்

நான் முதன்முதலாகத் தனியாகத் தூய்மைப்படுத்திய எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) துண்டு ஒரே இரவில் கெட்டுப்போனது. மாலையில், புரதங்களைப் பிரித்தெடுக்கும் குரோமடோகிராபிக் குழாயிலிருந்து சேகரித்தபோது கண்ணாடியைப் போலத் தெளிவாக இருந்த கரைசலை நான்கு டிகிரிக் குளிரில் வைத்துவிட்டுப் போனேன். மறுநாள் காலையில் எடுத்தபோது அது சுண்ணாம்புத் தண்ணீரைப் போலக் கலங்கியிருந்தது, அடியில் வெண்மையான படிவும் சேர்ந்திருந்தது. அந்தத் துண்டு எந்த முழு எதிர்ப்பொருளிலிருந்து எடுக்கப்பட்டதோ, அது அதே குளிர்பெட்டியின் மேல்தட்டில் பல மாதங்களாக ஒரு மாற்றமும் இல்லாமல் இருந்ததுதான் எனக்குப் புரியாத விஷயம். ஒரு புரதத்தில் தேவையான பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிட்டோம், அவ்வளவுதானே என்று எண்ணியிருந்தேன். நீக்கியபோது எது வெளியே வந்தது என்று யோசிக்கவில்லை.

எதிர்ப்பொருள் துண்டுகளைப் பற்றிப் பொதுவாசகருக்கு எழுதப்படுபவை பெரும்பாலும் ஒரே வாதத்தைத்தான் சொல்கின்றன: முழு எதிர்ப்பொருள் பெரியது, துண்டு சிறியது, சிறியது திசுவுக்குள் எளிதில் நுழையும், பாக்டீரியாவிலேயே தயாரித்துவிடலாம். இதில் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் மரத்தை எங்கே அறுத்தாலும் ஒரு வெட்டுமுகம் தெரிவதைப் போல, புரதத்தை எங்கே அறுத்தாலும் அதுவரை உள்ளே மறைந்திருந்த ஒரு பரப்பு வெளிப்படுகிறது. அந்தப் பரப்பு நீரில் எப்படி நடந்துகொள்கிறது, சிறுநீரகம் அந்தத் துண்டை என்ன செய்கிறது, நம் இரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள்கள் அதை எப்படிப் பார்க்கின்றன என்ற கேள்விகளில்தான் இந்தத் துறையின் உழைப்பில் பெரும்பகுதி கரைகிறது என்பது என் எண்ணம்.

நம் இரத்தத்தில் மிகுதியாக இருக்கும் ஐஜிஜி வகை எதிர்ப்பொருள் ஏறத்தாழ 150 கிலோடால்டன் (மூலக்கூறுகளின் எடையை அளக்கும் அலகு) எடையுள்ளது. இரண்டு கனமான சங்கிலிகளும் இரண்டு லேசான சங்கிலிகளும் கந்தகப் பிணைப்புகளால் கோக்கப்பட்டு, ஆங்கில எழுத்தான ஒய்யின் வடிவத்தில் நிற்கின்றன. சங்கிலி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 110 அமினோ அமிலங்கள் கொண்ட சிறு டொமைன்களாக மடிந்திருக்கிறது. இரண்டு கைகளின் நுனியிலும் உள்ள மாறும் டொமைன்கள்தான் ஆன்டிஜெனை, அதாவது எதிர்ப்பொருளின் இலக்கை, பிடிக்கின்றன. அவற்றிலும் கனமான சங்கிலியில் மூன்று, லேசான சங்கிலியில் மூன்று என ஆறு வளையங்கள்தான் உண்மையில் தொடுகின்றன. மற்றதெல்லாம் அந்த வளையங்களைச் சரியான கோணத்தில் தாங்கிநிற்கும் சட்டகம். இந்த உருவம் தெரியவருவதற்கு முன்பே, 1959இல் ரோட்னி போர்ட்டர், பப்பாளிப் பாலிலிருந்து கிடைக்கும் பப்பெய்ன் என்ற நொதியைக் கொண்டு முயலின் எதிர்ப்பொருளை வெட்டிப் பார்த்தார். ஆன்டிஜெனைப் பிடிக்கும் துண்டுகள் தனியாகவும், பிடிக்காவிட்டாலும் அழகாகப் படிகமாகும் துண்டு தனியாகவும் பிரிந்தன. முதலாவது ஃபேப், இரண்டாவது எஃப்சி என்று இன்றும் அழைக்கப்படுகின்றன. ஏறத்தாழ அதே காலத்தில் சங்கிலிகளைப் பிரித்துக் காட்டிய ஜெரால்டு எடெல்மனுடன் போர்ட்டர் 1972இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். ஆக, எதிர்ப்பொருளின் அமைப்பையே நாம் வெட்டித்தான் கற்றுக்கொண்டோம்.

போர்ட்டரின் வெட்டில் நீங்கிய எஃப்சி பகுதி வெறும் வால் அல்ல. வெள்ளையணுக்களை அழைப்பதும், காம்ப்ளிமென்ட் என்ற அழிப்புப் புரதங்களைத் தூண்டுவதும் அதுதான். அதைவிட மருந்துக்கு முக்கியமானது, எஃப்சிஆர்என் என்ற ஏற்பியுடன் அதற்குள்ள உறவு. இரத்தக்குழாய்ச் சுவரின் செல்கள் சுற்றியுள்ள புரதங்களை ஓயாமல் உள்ளே இழுத்துச் செரிக்கின்றன. உள்ளே அமிலத்தன்மை கூடும் இடத்தில் இந்த ஏற்பி எஃப்சியைப் பற்றிக்கொள்கிறது, செல்லின் மேற்பரப்புக்குக் கொண்டுவருகிறது, இரத்தத்தின் இயல்பான காரத்தன்மையில் விட்டுவிடுகிறது. இந்த மீட்பினால்தான் முழு எதிர்ப்பொருளின் அரை ஆயுள், அதாவது இரத்தத்தில் அதன் அளவு பாதியாகும் காலம், ஏறத்தாழ 21 நாள். ஃபேப்புக்கு அந்தப் பிடி இல்லை. மேலும் அதன் 50 கிலோடால்டன் எடை, சிறுநீரகம் வடித்துவிடும் எல்லைக்குள் வந்துவிடுகிறது. அதனால் அதன் ஆயுள் மணிக்கணக்கில்தான்.

இதை இழப்பு என்று சொல்வதே வழக்கம். ஆனால் துண்டுகள் மருந்தாக முதலில் வென்ற இடமே சீக்கிரம் வெளியேற வேண்டிய இடம்தான். இதய மருந்தான டிஜாக்சின் அளவு மீறினால் அதுவே நஞ்சு. செம்மறியாட்டில் உருவாக்கி வெட்டியெடுத்த ஃபேப் துண்டுகளை 1976இல் ஒரு நோயாளிக்குச் செலுத்தியபோது, அவை டிஜாக்சினைப் பற்றிக்கொண்டு நஞ்சை முறித்தன. நாற்பது ஆண்டுகளுக்குப் பின் அதே யோசனை இடருசிசுமாப் என்ற மனிதமயமாக்கப்பட்ட ஃபேப்பாகத் திரும்பி வந்தது. டாபிகாட்ரான் என்ற இரத்த உறைவுத் தடுப்பு மருந்தை உட்கொள்பவருக்குக் கட்டுப்படாத இரத்தப்போக்கு ஏற்பட்டால், அந்த மருந்தின் வேலையைச் சில நிமிடங்களில் நிறுத்தும் ஊசி இது. 2015இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. டாபிகாட்ரான் தன் இயல்பான இலக்கான த்ராம்பினைப் பற்றுவதைவிட ஏறத்தாழ 350 மடங்கு இறுக்கமாக இந்த ஃபேப் அதைப் பற்றுகிறது. இங்கே நீண்ட ஆயுள் இருந்தால் அது தொல்லையே, ஏனெனில் நெருக்கடி தீர்ந்ததும் நோயாளி தன் பழைய மருந்தைத் தொடர வேண்டியிருக்கும்.

எஃப்சி இல்லாததை வேறொரு வகையில் பயன்படுத்திக்கொண்டது செர்டோலிசுமாப் பெகோல். குரோன் நோய்க்கு 2008இல் அனுமதி பெற்ற இந்த மருந்து, அழற்சியைத் தூண்டும் டிஎன்எஃப் என்ற புரதத்தைத் தடுக்கும் ஃபேப் துண்டுடன் 40 கிலோடால்டன் எடையுள்ள பாலிஎத்திலீன் கிளைக்காலை இணைத்தது. வாலின் நீளத்தால் சிறுநீரகத்தை ஏமாற்றி இரண்டு வாரம்வரை அரை ஆயுள் பெறுகிறது. தாயின் எதிர்ப்பொருள்கள் நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையை அடைவதும் அதே எஃப்சிஆர்என் ஏற்பியின் வழியாகத்தான் என்பதால், எஃப்சி இல்லாத இந்த மருந்து மிகச் சொற்பமாகவே குழந்தையிடம் போய்ச் சேருகிறது.

கண்ணில் நடந்த கதையை மட்டும் இங்கே சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் ‘சிறியதே சிறந்தது’ என்ற வாதம் அங்கேதான் உரசிப் பார்க்கப்பட்டது. விழித்திரையின் மையத்தில் கசியும் இரத்தக்குழாய்கள் முளைக்கும் முதுமைக்கால நோய்க்கு, விஇஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியைத் தடுக்க வேண்டும். முழு எதிர்ப்பொருள் விழித்திரையின் அடுக்குகளைக் கடக்காது என்ற எண்ணத்தில் 48 கிலோடால்டன் எடையுள்ள ரானிபிசுமாப் என்ற ஃபேப் உருவாக்கப்பட்டது, ஈ.கோலை பாக்டீரியாவில் தயாராகும் இது 2006இல் வந்தது. ஆனால் புற்றுநோய்க்காக வந்திருந்த பெவாசிசுமாப் என்ற முழு எதிர்ப்பொருளையே கண் மருத்துவர்கள் கண்ணில் செலுத்திப் பார்த்தார்கள். இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட்ட பெரிய மருத்துவ ஆய்வின் முதலாண்டு முடிவு 2011இல் வெளிவந்தபோது, பார்வைத் திறனில் இரண்டும் சமமாகவே இருந்தன. எந்தக் காரணத்துக்காக வெட்டினார்களோ அந்தக் காரணம் அவ்வளவு வலுவாக இல்லை. கண்ணிலிருந்து இரத்தத்தில் கலந்தபின் ஃபேப் விரைவாக நீங்கிவிடுகிறது என்ற வேறுபாடு எஞ்சியது. அதற்கு எவ்வளவு மதிப்புக் கொடுப்பது என்று இன்றும் வாதிடுகிறார்கள். பின்னர் 2019இல், அதைவிடச் சிறிய, 26 கிலோடால்டன் எடையுள்ள புரொலுசிசுமாப் வந்தது. ஒரே துளியில் மிகுதியான மூலக்கூறுகளைச் செலுத்தலாம், ஊசிகளின் இடைவெளியை நீட்டலாம் என்பது அதன் பலம். ஆனால் பயன்பாட்டுக்கு வந்த சில மாதங்களிலேயே, விழித்திரை இரத்தக்குழாய்களில் அழற்சியும் அடைப்பும் ஏற்படுவதாக அறிக்கைகள் வரத் தொடங்கின.

எதிர்ப்பொருள் மருந்துகளுக்கு ‘மனித’ என்ற அடைமொழி எப்படி வந்தது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டு. ஜார்ஜஸ் கோலரும் சீசர் மில்ஸ்டைனும் 1975இல் ஒரே வகை எதிர்ப்பொருளை எல்லையின்றித் தயாரிக்கும் முறையைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் கிடைத்தவை சுண்டெலியின் எதிர்ப்பொருள்கள். அவற்றை மனிதருக்குச் செலுத்தினால் உடல் அவற்றையே அந்நியமாகக் கருதி எதிர்ப்பொருள் உருவாக்கியது. கேம்பிரிட்ஜில் கிரெக் வின்டரின் குழு 1986இல், சுண்டெலியின் ஆறு வளையங்களில் கனமான சங்கிலிக்குரியவற்றை எடுத்து மனிதச் சட்டகத்தில் ஒட்டவைத்துக் காட்டியது. ஒட்டுமரம் போல வேர் மனிதருடையது, காய்க்கும் கிளை எலியுடையது.

அதற்கடுத்த அடி, எலியையே விட்டுவிடுவது. ஜார்ஜ் ஸ்மித் 1985இல், பாக்டீரியாவைத் தொற்றும் இழை வடிவ ஃபேஜ் வைரஸின் உறைப்புரதத்தோடு வேறொரு புரதத் துணுக்கை இணைத்தால் அது வைரஸின் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் என்றும், அதற்கான மரபணு உள்ளேயே இருக்கும் என்றும் காட்டினார். 1990இல் வின்டரின் குழுவினர் அந்த இடத்தில் எதிர்ப்பொருள் துண்டை நிறுத்தினார்கள். மனித இரத்தத்திலிருந்து எடுத்த எதிர்ப்பொருள் மரபணுக்களைக் கலைத்துச் சேர்த்து, ஆயிரம் கோடி வேறுபட்ட துண்டுகள் கொண்ட நூலகத்தை ஒரு சிறிய குழாய்க்குள் வைத்துக்கொள்ள முடியும். ஆன்டிஜென் பூசிய பரப்பில் அதை ஊற்றி, ஒட்டாதவற்றைக் கழுவித் தள்ளி, ஒட்டியவற்றை மட்டும் பாக்டீரியாவில் பெருக்கி, மீண்டும் ஊற்றிக் கழுவினால், மூன்று நான்கு சுற்றுகளில் மிகச் சில துண்டுகள் எஞ்சும். எலி தேவையில்லை, தடுப்பூசி தேவையில்லை. ஃபேஜ் வழியில் தேர்ந்தெடுக்கப்பட்ட, டிஎன்எஃப்பைத் தடுக்கும் மருந்தான அடலிமுமாப் 2002இன் இறுதியில் அனுமதி பெற்றது. ஸ்மித்தும் வின்டரும் 2018இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஃபேஜின் மேல் நிற்பது அநேகமாக எப்போதும் துண்டுதான், முழு எதிர்ப்பொருள் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அடலிமுமாப்கூடத் துண்டாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, பிறகே முழு உருவம் பெற்றது.

இப்போது என் கலங்கிய குழாய்க்கு வருகிறேன். நான் தயாரித்தது எஸ்சிஎஃப்வி என்று சோதனைக்கூடங்களில் வழங்கப்படும் ஒற்றைச்சங்கிலித் துண்டு. கனமான சங்கிலியின் மாறும் டொமைனையும் லேசான சங்கிலியின் மாறும் டொமைனையும் மட்டும் எடுத்து, இரண்டையும் ஒரு நெகிழ்வான இணைப்பால் ஒரே சங்கிலியாக்கும் வடிவம் இது. 1988இல் இரண்டு குழுக்கள் இதை வெளியிட்டன. அவற்றுள் ஒன்று எடுத்துக்கொண்ட ஆன்டிஜெனும் டிஜாக்சின்தான். நான்கு கிளைசினும் ஒரு செரினும் மூன்று முறை திரும்ப வரும் 15 அமினோ அமில இணைப்பு அன்றிலிருந்து இன்றுவரை எல்லாருடைய கைச்சரக்காக இருக்கிறது. முழு ஃபேப்பில் இந்த இரண்டு டொமைன்களும் கீழேயுள்ள மாறா டொமைன்களின் பிடிப்பால் ஒன்றையொன்று விட்டு விலகாமல் நிற்கின்றன. ஒற்றைச்சங்கிலித் துண்டில் அந்தப் பிடிப்பு வெட்டப்பட்டுவிட்டது. எனவே இரண்டும் அவ்வப்போது சற்றே திறந்து மூடுகின்றன. திறந்திருக்கும் கணத்தில் நீரை விலக்கும் உட்பரப்பு வெளியே தெரிகிறது; பக்கத்தில் அதேபோலத் திறந்திருக்கும் இன்னொரு துண்டின் பாதியோடு போய்ச் சேர்ந்துகொள்கிறது. முதலில் இரட்டையாகி, பிறகு கூட்டமாகி, முடிவில் வெண்படிவாகிறது. செறிவு கூடக்கூட இந்த விபத்தும் கூடும். நானோ அன்று மாலை, நல்ல விளைச்சல் என்ற மகிழ்ச்சியில் கரைசலை நன்றாகச் செறிவாக்கியிருந்தேன்.

இந்தக் குறையையே வேண்டுமென்று செய்தவர்களும் உண்டு. இணைப்பை ஐந்து அமினோ அமிலங்களாகக் குறைத்தால், ஒரே சங்கிலியின் இரு டொமைன்களும் ஒன்றையொன்று எட்ட முடியாமல் வேறொரு சங்கிலியோடு மட்டுமே இணைய நேர்ந்து, இருமுனையும் பிடிக்கும் நிலையான இரட்டை கிடைக்கும். 1993இல் இதற்கு டயபாடி என்று பெயரிட்டார்கள். இரண்டு வேறு ஒற்றைச்சங்கிலித் துண்டுகளைத் தொடராகக் கோத்த பிளினாடுமொமாப், ஒரு முனையால் இரத்தப் புற்றுசெல்லின் சிடி19 புரதத்தையும் மறுமுனையால், நோயெதிர்ப்பு வெள்ளையணுவான டி செல்லின் சிடி3 புரதத்தையும் பிடித்து, கொல்ல வேண்டியதையும் கொல்பவனையும் அருகருகே நிறுத்துகிறது. 2014இல் அனுமதி பெற்ற அதன் அரை ஆயுள் ஏறத்தாழ இரண்டே மணி நேரம். அதனால் நோயாளியின் உடலோடு ஒரு பம்பை இணைத்து, ஒரு சுற்றுக்கு 28 நாள் இடைவிடாமல் செலுத்துகிறார்கள். வெட்டியதற்கான விலையை இங்கே நோயாளி தோளில் சுமக்கிறார்.

இன்னும் சிறியதாக வெட்டினால் ஒரே ஒரு டொமைன் மிஞ்சும். வின்டரின் குழு 1989இலேயே, கனமான சங்கிலியின் மாறும் டொமைன் தனித்தே ஆன்டிஜெனைப் பிடிக்கும் என்று காட்டியது. கூடவே, லேசான சங்கிலி மூடியிருந்த பரப்பு திறந்துவிட்டதால் அது எல்லாவற்றிலும் ஒட்டிக்கொள்கிறது என்பதையும் மறைக்காமல் எழுதியது. நான்கு ஆண்டுகள் கழித்து, ஒட்டகங்களில் லேசான சங்கிலியே இல்லாத எதிர்ப்பொருள்கள் இயல்பாகவே இருப்பதை பிரஸ்ஸல்ஸ் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். மனிதத் துண்டில் நீரை விலக்கும் அமினோ அமிலங்கள் இருக்கும் 44, 45, 47 போன்ற இடங்களில் ஒட்டகம் நீரை விரும்புபவற்றை வைத்திருக்கிறது. 45ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஆர்ஜினின் இருப்பது அதில் முக்கியமானது. இரத்தத்தட்டுகள் வீணாக உறையும் ஓர் அரிய நோய்க்கு 2018இல் ஐரோப்பாவில் அனுமதி பெற்ற கப்லாசிசுமாப், இந்த வகை டொமைன்கள் இரண்டை, மனிதச் சாயலுக்கு மாற்றிய பிறகு, இணைத்துச் செய்ததுதான்.

மனித டொமைனையே ஒட்டாமல் செய்ய முடியுமா என்ற கேள்விக்கு 2004இல் வந்த விடை எனக்கு மிகவும் பிடித்தமானது. மனித டொமைன்களைச் சுமந்த ஃபேஜ் நூலகத்தை 80 டிகிரிக்குச் சூடாக்கி, ஆற்றவிட்டு, அதன் பின்னும் சரியாக மடிந்திருப்பவற்றை மட்டும் பொறுக்கியெடுத்தார்கள். ஃபேஜ் அந்தச் சூட்டைத் தாங்கும். அவிழ்ந்து அண்டையோடு சிக்கிக்கொள்ளும் டொமைன்கள் தாங்கா. எந்த அமினோ அமிலத்தை எங்கே மாற்றுவது என்று மூளையைக் கசக்காமல், தாங்கியதை மட்டும் எடுத்துக்கொண்ட அந்தச் சோதனையில் ஒரு சமையல்காரரின் துணிவு இருக்கிறது.

ஆனால் கரைசலில் அடங்கி நடந்துகொண்டாலும் உடல் ஏமாறுவதில்லை. டிஎன்எஃப் ஏற்பியைத் தடுக்க உருவாக்கப்பட்ட ஒரு மனித டொமைனை முதன்முதலாக மனிதருக்குச் செலுத்தியபோது, சிலருக்கு அழற்சிக் காரணிகள் திடீரெனக் கொட்டின. தேடிப் பார்த்ததில், அந்த மருந்தை ஒருபோதும் பெறாத நலமானவர்களிலும் ஏறத்தாழப் பாதிப் பேரின் இரத்தத்தில், தனித்து நிற்கும் இந்த டொமைனைப் பற்றும் எதிர்ப்பொருள்கள் ஏற்கெனவே இருந்தன. டொமைனின் வரிசை முழுக்க மனிதருடையது. ஆயினும் முழு எதிர்ப்பொருளில் மறைந்திருக்கும் அதன் முகம் உடலுக்குப் பழக்கமில்லாதது. கைகளும் எஃப்சியும் சேரும் கீல்பகுதியில் நொதிகளால் வெட்டுண்ட எதிர்ப்பொருளின் நுனியை மட்டும் அடையாளம் காணும் எதிர்ப்பொருள்களும் நலமானவர்களிடம் இருக்கின்றன. இதனால் ‘முழு மனித’ என்ற விளம்பரச் சொல்லைக் காணும்போதெல்லாம், எந்த நுனி வரை என்று கேட்கத் தோன்றுகிறது. ஒற்றை டொமைன்களின் கடைசி அமினோ அமிலத்தை அடுத்து ஓர் அலனினைச் சேர்த்தால் ஏற்கெனவே இருக்கும் எதிர்ப்பொருள்களின் பிடி பெரிதும் தளர்கிறது என்று கண்டுபிடித்து, இப்போது பல வடிவமைப்புகளில் அதை வழக்கமாகவே சேர்க்கிறார்கள். மூன்று கார்பன்கள் கொண்ட ஒரு சின்னஞ்சிறு அமிலம், காயத்தின் மேல் ஒட்டிய பட்டையாக வேலை செய்கிறது.

என் துண்டை நாங்கள் காப்பாற்றியது பழைய முறையில்தான். டிராஸ்டுசுமாப் என்ற மார்பகப் புற்றுநோய் மருந்தின் மாறும் டொமைன்கள் தனியே வெட்டியெடுத்தாலும் மிக உறுதியாக நிற்பவை. நிலையற்ற துண்டின் வளையங்களை அந்தச் சட்டகத்துக்கு மாற்றி உறுதிப்படுத்தலாம் என்று 1990களிலேயே சூரிச் ஆய்வாளர்கள் காட்டியிருந்தார்கள். எங்கள் ஆறு வளையங்களையும் அதில் ஒட்டினோம். முதல் முயற்சியில் கிடைத்த துண்டு தெளிவாக இருந்தது, ஆனால் ஆன்டிஜெனைப் பிடிக்கவே இல்லை. வளையங்களின் அடியில் நின்று அவற்றை முட்டுக்கொடுக்கும் இரண்டு சட்டக அமினோ அமிலங்களைப் பழையபடி திருப்பி வைத்த பிறகே பிடித்தது. இரட்டைகள் அநேகமாக மறைந்தன. மூன்று வாரம் கழித்தும் குழாய் தெளிவாக இருந்தது. பிடிப்பின் வலிமை மட்டும் மூல எதிர்ப்பொருளுடையதில் நான்கில் ஒரு பங்காகவே நின்றுவிட்டது. அதற்குமேல் ஏற்ற எங்களால் முடியவில்லை. அடுத்த சோதனைகளுக்கு அந்த நான்கில் ஒரு பங்கையே எடுத்துச் சென்றோம்.